கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று!



இரண்டு பிள்ளை பெற்ற ஒரு தாய் தன் மார்பைப் பெரிதாக்கிக்கொள்ள ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாள் என்று ஒரு செய்தி வந்தால், நமது பனியன் கம்பெனி வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் என்ன நடக்கும்? முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் ஒரு கேலி. கடைசியில், "பிள்ளை பெற்றவளுக்கு இந்த ஆசை எதற்கு?" என்று ஒரு தீர்ப்பு. தீர்ப்புச் சொல்கிறவர்களில் சங்கத்துச் சந்தா ஒழுங்காகக் கட்டுகிற நம் தோழர்களும் இருப்பார்கள். இதை மறைப்பானேன்?

"இதெல்லாம் பணக்கார வீட்டுச் சமாசாரம், உழைப்பாளிக்கு இதில் என்ன?" என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இது சிரித்துத் தள்ளுகிற விஷயமும் அல்ல, ஒதுக்கித் தள்ளுகிற விஷயமும் அல்ல. இதில் கம்பெனிகளின் கொள்ளை லாபம் இருக்கிறது. சர்க்காரின் கொள்கை இருக்கிறது. பெண்ணின் உடம்பும் உயிரும் இருக்கிறது. ஆகவே கூச்சத்தை விட்டுப் பேசுவோம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு புதிய ஏற்பாடு

2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கு மார்பக அழகு ஆபரேஷன் இலவசமாகச் செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தது. புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு மட்டுமன்றி, அழகு கருதி வருகிறவர்களுக்கும் செய்வோம் என்றார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதை எழுதின.

அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் ஒரு வாதம் வைத்தார். பணக்காரனுக்குக் கிடைக்கிற அழகு சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக்கூடாது? நாம் செய்யாவிட்டால் அவர்கள் ஆபத்தான வழியில் போவார்கள், அல்லது பெருங்கடன் வாங்குவார்கள் என்றார். பொதுச் சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநர் டாக்டர் எஸ். இளங்கோ இதை மறுத்தார். தொற்றுநோயையும் உயிர்காக்கும் சிகிச்சையையும் முன்னால் வைத்துப் பேரெடுத்த மாநிலம், இப்போது அழகின் பக்கம் திரும்புவது வருத்தம் தருகிறது என்பது அவர் அபிப்பிராயம்.

இந்த இரண்டில் நாம் எந்தப் பக்கம்? உடனே கை தூக்கிவிட வேண்டாம். ஏழைக்கு ஏன் கூடாது என்ற கேள்வி நியாயமான கேள்விதான். எது முதலில் என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் இரண்டு பேரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு: அந்தத் தாய் உண்மையில் கேட்டது என்ன? இந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால், இந்த ஆபரேஷன் பிறந்த இடத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

காதைச் சரிசெய்யச் சொன்ன தாய்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணம், ஹூஸ்டன் நகரம். அங்கே பிராங்க் ஜெரோ என்று ஒரு டாக்டர். பிளாஸ்டிக் பையில் அடைத்த ரத்தத்தைக் கையில் பிடித்தபோது, இது பெண்ணின் மார்பைப் போல மெத்தென்று இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியதாம். தாமஸ் குரோனின் என்ற மற்றொரு டாக்டருடன் சேர்ந்தார். டௌ கார்னிங் என்ற கம்பெனி சிலிக்கான் சரக்கைக் கொடுத்தது. முதலில் ஒரு நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். அடுத்து ஒரு மனுஷி வேண்டும்.

1962-ம் ஆண்டு அந்த நகரத்துத் தர்ம ஆஸ்பத்திரிக்கு டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற பெண் வந்தார். ஆறு பிள்ளைகளின் தாய். கணவனைப் பிரிந்தவர். மார்பில் குத்தியிருந்த ரோஜாப்பூப் பச்சையை அழிக்க வேண்டும் என்றுதான் வந்தார். "மார்பைப் பெரிதாக்கிக்கொள்கிறாயா?" என்று டாக்டர்கள் கேட்டார்கள். அந்தத் தாய் சொன்ன பதில் என்ன தெரியுமா? என் காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்தால் போதும் என்றார். சரி, அதையும் செய்கிறோம், இதையும் செய்துகொள் என்று பேரம் முடிந்தது. உலகத்திலேயே சிலிக்கான் மார்பு வைத்துக்கொண்ட முதல் பெண் அவர்தான். இந்த விவரத்தைப் பிற்காலத்தில் அவரே பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறார்.

பார்த்தீர்களா? அவர் கேட்டது காது. கொடுத்தது மார்பு. காசு கொடுத்து வைத்தியம் பார்க்க முடியாத தாய், தனக்கு வேண்டியதைப் பெறுவதற்காக, மற்றவர்களுக்கு வேண்டியதற்குச் சம்மதித்தார். இதைத்தான் "தாயின் முடிவு" என்று சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

லாபம் போன பாதை

பையில் அடைத்த பிசின் அதற்குப் பிறகு பெரிய வியாபாரமாகிவிட்டது. உறை கிழிந்தது, வலி எடுத்தது, கல்லாக இறுகிப்போயிற்று என்று அமெரிக்கப் பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992-ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சிலிக்கான் பைகளை அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. லட்சக்கணக்கான பெண்கள் நஷ்டஈடு கேட்டு நின்றபோது, 1995-ல் டௌ கார்னிங் கம்பெனி திவால் மனு கொடுத்தது. 2006-ல் மீண்டும் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1999-ல் அந்த நாட்டு மருத்துவ நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து, இந்தப் பையால் உடம்பு முழுவதும் பரவும் பெருநோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் கிழிவதும், இறுகுவதும், மறுபடி கத்தி வைப்பதும் உண்மை, அதுதான் பெரிய தொல்லை என்று அதே குழு சொன்னது.

பிரான்ஸ் தேசத்தில் நடந்தது இன்னும் மோசம். பி.ஐ.பி. என்ற கம்பெனி, மனித உடம்பில் வைக்க அனுமதி இல்லாத, தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவுச் சிலிக்கானைப் பைகளில் அடைத்து உலகமெங்கும் விற்றது. ஏறக்குறைய 3 லட்சம் பெண்களின் உடம்பில் அந்தச் சரக்கு ஏறியது. 2010-ல் குட்டு வெளிப்பட்டது. 2013 டிசம்பரில் அந்த முதலாளிக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை. பஞ்சில் கழிவைக் கலக்கும் வியாபாரியை நமக்குத் தெரியும். இவன் பெண்ணின் மார்புக்குள்ளேயே கலப்படம் செய்த வியாபாரி!

அதோடு முடிந்ததா? 2019-ல் அலர்கன் என்ற பெரிய கம்பெனி, சொரசொரப்பான மேற்புறம் கொண்ட தன் பைகளை உலகமெங்கும் திரும்பப் பெற வேண்டி வந்தது. அவற்றைச் சுற்றி அபூர்வமான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். 2021-ல் அமெரிக்கத் துறை ஒரு புதிய நிபந்தனை போட்டது. ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அந்தப் பெண்ணுக்கு விளக்கி, கையெழுத்து வாங்கிய பிறகே ஆபரேஷன் செய்ய வேண்டும். முதல் தாய்க்கு வைத்து 59 ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஞானோதயம்!

தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த ஆபரேஷன் என்ன என்பதை மறைக்காமல் சொல்வோம். மார்புக்கு அடியிலோ பக்கத்திலோ கீறி, மார்புக்குப் பின்னாலோ நெஞ்சுத் தசைக்குப் பின்னாலோ பையை வைக்கிறார்கள். அந்நியப் பொருள் என்பதால் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். சிலருக்கு அந்த உறை இறுகி வலிக்கும். பை ஆயுள் முழுவதும் தாங்குகிற சரக்கல்ல. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 ஆண்டுக்குள் அதை எடுத்துவிட நேர்கிறது என்று அமெரிக்கத் துறையே எழுதியிருக்கிறது. அடுத்த பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் இடைஞ்சல் வரலாம். புற்றுக் கட்டியை எக்ஸ்ரே படத்தில் கண்டுபிடிப்பதும் சிரமமாகலாம். ஆக, ஒரு தடவை செலவோடு தீருகிற காரியம் அல்ல இது.

தனியார் ஆஸ்பத்திரியில் இதற்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். "மம்மி மேக்ஓவர்" என்று இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற தாயைப் புதிதாக்குகிறார்களாம்! தாய் என்ன, ஓடித் தேய்ந்த ஓவர்லாக் மிஷினா, பாகம் மாற்றிப் பூட்டுவதற்கு?

இன்னும் இரண்டு விஷயம். சிறிய மார்புள்ளவளுக்குப் பால் சுரக்காது என்று ஊரில் சொல்கிறார்களே, அது பொய். மார்பின் பருமன் பெரும்பாலும் கொழுப்பால் வருவது. பால் சுரப்பது சுரப்பிகளின் வேலை. பால் கொடுத்தால் மார்பு தளர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்களே, அதுவும் பொய். வயதும், கர்ப்பங்களின் எண்ணிக்கையும் அதற்குக் காரணமே தவிர, குழந்தை குடித்த பால் அல்ல. பாலைக் குறைப்பது எது தெரியுமா? குழந்தை வாய் வைக்காமல் இருப்பதுதான். குடிக்கக் குடிக்கச் சுரக்கும். குடிக்காத நேரம் நீண்டால் வற்றும். இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டு நம் திருப்பூருக்கு வாருங்கள்.

நம் ஊர்த் தாய் கேட்பது என்ன?

திருப்பூர் கம்பெனிகளில் உள்ளாடை தைக்கிறோம். ஏற்றுமதிக்கு விதவிதமாய்த் தைக்கிறோம். பெட்டியில் போட்டு அனுப்புகிற சரக்கின் மேல் ஒரு வெள்ளைக்காரியின் படம் ஒட்டியிருக்கிறது. மடித்து அடுக்குகிற கைமடிப் பெண் அந்தப் படத்தையும் பார்க்கிறாள், தன் உடம்பையும் பார்க்கிறாள். வீட்டுக்குப் போனால் டி.வி.யில் அதே படம், கைபேசியில் அதே படம். போதாததற்குப் புருஷன் வாயிலிருந்து ஒரு சொல், பக்கத்து வீட்டில் ஒரு கேலி. "நீ குறை" என்று நாளைக்கு நாற்பது தடவை ஒருத்தியிடம் சொன்னால், தன்னிடம் குறை இருக்கிறது என்று அவள் நம்பத்தானே செய்வாள்? குறையை உண்டாக்குகிறவனும் அவனே, மருந்து விற்கிறவனும் அவனே!

அதே பெண் பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் என்ன கேட்கிறாள்? காலை எட்டரைக்கு உள்ளே போனவள், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறாள். நடுவில் குழந்தைக்குப் பால் கொடுக்க அரைமணி நேரம் கேட்கிறாள். ஜாக்கெட் நனைந்து, மார்பு கட்டி, கழிப்பறையில் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வருகிற கொடுமை இல்லாமல் இருக்க ஓர் இடம் கேட்கிறாள். குழந்தையைத் தூங்கவைக்க ஒரு தொட்டில் கேட்கிறாள்.

இது சலுகையா? இல்லை, சட்டம்! 1961-ம் ஆண்டின் பேறுகாலப் பலன் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்றது. 2017-ல் வந்த திருத்தம், பேறுகால விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்க்க விட வேண்டும் என்றது. 2020-ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவை எழுதப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் குறைவில்லை! ஆனால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்ணுக்கு, காண்டிராக்டர் பெயரில் வந்து போகிறவளுக்கு, எட்டு மிஷின் போட்ட பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கிறவளுக்கு அந்தத் தொட்டில் எங்கே? இடைவேளை எடுத்தால் பீஸ் குறைகிறது. பீஸ் குறைந்தால் வாரக்கூலி குறைகிறது. குழந்தைக்குப் புட்டிப்பால். தாய்க்கு வற்றிய மார்பு. அப்புறம் அதே மார்பைக் காட்டி ஊர் சிரிக்கிறது!

கழனியில் நிற்கும் சகோதரிக்கு இதுவும் இல்லை. வரப்போரத்து வேப்பமரத்தில் தூளி கட்டிவிட்டு, களை எடுக்கும்போதே காதைத் தூளியின் பக்கம் வைத்திருப்பவள் அவள். ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைக் கவனிக்கக் கூலி கொடுத்து ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும் என்று 2005-ம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சொன்னது. எத்தனை வேலைத்தளத்தில் அப்படி நிறுத்தினார்கள் என்று நூறு நாள் வேலைக்குப் போன சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள்.

மார்பில் வரும் ஆபத்து வேறு ஒன்று இருக்கிறது. 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தது என்றும், சுமார் 98,000 பேர் அதனால் மாண்டார்கள் என்றும் உலகக் கணக்கு சொல்கிறது. இந்தியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். சீக்கிரம் கண்டால் பிழைக்கலாம். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். பரிசோதனை இலவசம், ஆனால் அன்றைய கூலியை யார் கொடுப்பது? கட்டி கையில் தட்டுப்பட்டும், ஆர்டர் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நாளைக் கடத்துகிறாளே, அவள் விஷயத்தில் யார் அவசரப்படுகிறார்கள்? இத்தனை லட்சம் உழைப்பாளிகள் உள்ள திருப்பூரில் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டவே 2019 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

உடம்பு அவளுடையது

அப்படியானால் அழகு ஆபரேஷனே கூடாது என்று தடை போட வேண்டுமா? வேண்டாம். அது நம் வழி அல்ல. பெண்ணின் மார்பைப் பற்றி ஆணை போட்டவர்களை இந்த மண் பார்த்திருக்கிறது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த குமரிப் பகுதியில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்றார்கள். தோள்சீலை உடுத்திய பெண்களை அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் போராடிய பிறகே, 1859-ல் மன்னர் பிரகடனம் போட்டார். அப்படிப் போராடிய பெண்களின் வாரிசுகளுக்கு, "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று ஆணையிட நாம் யார்?

புற்றுநோய்க்கு ஒரு மார்பைப் பறிகொடுத்தவள், தீக்காயத்தில் கருகியவள், பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவள் ஆகியோர் தங்கள் உடம்பைச் சீர்செய்துகொள்வது ஆடம்பரம் அல்ல, வைத்தியம். சர்க்கார் ஆஸ்பத்திரி அதை இலவசமாகச் செய்வது கடமை. வேறு எந்தக் காரணத்துக்காகவாவது ஒரு தாய் விரும்பினாலும், எல்லா ஆபத்தையும் தன் மொழியில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்தால் அது அவள் முடிவு. போலி டாக்டரிடமும் குழுக் கடனிலும் மாட்டிக்கொள்வதைவிட அரசு ஆஸ்பத்திரி மேல்தான். அமைச்சர் சொன்னதில் அந்த மட்டுக்கு உண்மை உண்டு.

ஆனால் முடிவு என்றால் என்ன? இரண்டு கதவு திறந்திருந்து, ஒன்றின் வழியே போனால் அது முடிவு. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒன்றை மட்டும் திறந்துவைத்து, "அவளே விரும்பிப் போனாள்" என்றால் அது என்ன முடிவு? காதைச் சரிசெய்யப் பணமில்லாத தாயிடம் ஹூஸ்டனில் வாங்கிய சம்மதம் அப்படிப்பட்டதுதான். திருப்பூரில் தொட்டில் கேட்டவளுக்குக் கண்ணாடியைக் காட்டுவதும் அப்படிப்பட்டதுதான்.

செய்ய வேண்டியது

ஒன்று: பால் கொடுக்கும் இடைவேளைக்குக் கூலி பிடிக்கக்கூடாது. பீஸ் ரேட்டுத் தொழிலாளிக்கும் அந்த நேரத்துக்குச் சராசரிக் கூலி கணக்கிட்டுத் தர வேண்டும். பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் போனஸ், பஞ்சப்படியோடு இந்தக் கோரிக்கையும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு: சிறிய கம்பெனிகள் பத்து சேர்ந்து வீதிக்கு ஒரு குழந்தைகள் காப்பகம். செலவு முதலாளிமார்களுடையது, சரக்கை வாங்கும் மேனாட்டுக் கம்பெனிகளுடையது. கிராமத்தில் பொறுப்பு சர்க்காருடையது.

மூன்று: மார்பகப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலியுடன் விடுப்பு. கம்பெனி வாசலுக்கே பெண் டாக்டரோ நர்ஸோ வர வேண்டும்.

நான்கு: பை வைத்து ஆபரேஷன் செய்கிற ஒவ்வோர் இடத்திலும், அரசானாலும் தனியாரானாலும், ஆபத்துகளைத் தமிழில் எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். யாருக்கு எந்தக் கம்பெனிப் பை வைத்தார்கள் என்ற பதிவேடு வேண்டும்.

ஐந்தாவது சர்க்காரிடமோ முதலாளியிடமோ கேட்க வேண்டியது அல்ல, ஆண் தோழர்களே, உங்களிடம் கேட்க வேண்டியது. உங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்த உடம்பைப் பார்த்து வீட்டில் ஒரு சொல் சொல்லாதீர்கள், டீக்கடையில் ஒரு சிரிப்புச் சிரிக்காதீர்கள். விளம்பரக்காரன் காசு செலவழித்துச் செய்கிற வேலையை நீங்கள் காசில்லாமல் செய்து கொடுக்கிறீர்கள். அவன் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். நாளை ஒரு சகோதரி அந்த ஆபரேஷனைப் பற்றி வாய் திறந்தால், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.